நார்த்தைத் தோலும் முழுக்கைச் சட்டையும்

சித்திரை பிறந்து ஒரு வாரத்தில், ஏப்ரல் 20ஐ ஒட்டி, மல்லசமுத்திரத்தில் பகல் பன்னிரண்டே காலுக்கு நட்டு வைத்த குச்சிக்கு நிழல் இருக்காது. ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே பதினொன்றரை டிகிரியில் கிடப்பதால் அன்றைக்குப் பொழுது நேர் உச்சிக்கு வந்துவிடும். ஆவணித் தொடக்கத்தில் இன்னொரு தரம் வரும். ஊரில் யாருக்கும் இந்தக் கணக்கு தேவைப்பட்டதில்லை. "வெயிலு மண்டையப் பொளக்குது" என்று சொல்லிக்கொண்டே காட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

அம்மாயி நார்த்தங்காயை உப்பில் போட்டுக் காய வைத்ததும் அந்த மாதத்தில்தான். கிணற்று மேட்டில் வாய்க்கால் ஓரமாக ஒற்றை நார்த்தை மரம் நின்றது. முள் மரம். காய் பறிக்கப் போனால் கையில் கீறல் இல்லாமல் திரும்ப முடியாது. காயைக் கழுவித் துடைத்து, துண்டு துண்டாகப் போய்விடாமல் சுருளாக அரிந்து, சந்துகளில் கல்லுப்பைத் திணித்துப் பீங்கான் சாடியில் அம்மாயி அடுக்கும். இரண்டு மூன்று நாளில் உப்பு கரைந்து காய் தண்ணீர் விட்டிருக்கும். அதற்குப் பிறகு பகலெல்லாம் வாசலில் கயிற்றுக் கட்டில் மேல், பழைய வேட்டியில் காயும். பொழுது இறங்கியதும் மறுபடி அந்த உப்புத் தண்ணீருக்குள்ளேயே போகும். தண்ணீர் முழுக்க வற்றி, தோல் விறைத்து, மேலே உப்புப் பூக்கும்வரை இதே வேலை. கோழியை விரட்ட நான் கட்டிலடியில் உட்கார்ந்திருப்பேன்.

"சாறு கெடக்குது கண்ணு, அது போயிரும். தோலுதான் நிக்கும்" என்று அம்மாயி சொல்லும். நீடித்து இருப்பதைப் பற்றித்தான் அது சொன்னது. பிற்பாடு வேதியியல் படித்து, பள்ளிக்கூடத்தில் அதையே முப்பது வருடத்துக்கு மேல் சொல்லிக்கொடுத்து ஓய்ந்த எனக்கு, அந்தப் பேச்சில் வேறொரு விஷயமும் கிடைத்தது. எலுமிச்சை வகைப் பழங்களின் ஃபிளாவனாய்டுகள் சாற்றைவிடத் தோலில்தான் அதிகம். 1828இல் லெப்ரெட்டன் என்ற பிரெஞ்சுக்காரர் ஹெஸ்பெரிடின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது ஆரஞ்சுத் தோலின் உட்புறத்து வெள்ளைச் சதையிலிருந்து. நாம் நகத்தால் சுரண்டி எறிகிற அந்தப் பஞ்சுப் பகுதியிலிருந்து. எலுமிச்சையில் ஹெஸ்பெரிடினோடு எரியோசிட்ரினும் உண்டு. பம்பளிமாஸைக் கடித்ததும் நாக்கில் ஏறும் கசப்பு நரிஞ்சின். நாம் என்ன செய்கிறோம்? சாற்றைப் பிழிந்து குடித்துவிட்டு, மூடியை வைத்துப் பித்தளைக் குடத்தைத் தேய்க்கிறோம். குடம் பளபளக்கத்தான் செய்கிறது.

ஊறுகாய் போடும் வீட்டில் மட்டும் தோல் வயிற்றுக்குள் போகிறது.

இதையெல்லாம் கிளறிவிட்டவள் அண்ணன் மகள். பெங்களூரில் வேலை. கண்ணாடிச் சுவர் வைத்த ஆபீசில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவள், ஒரு மாத்திரை டப்பாவின் படத்தை அனுப்பி, "அத்தை, இதச் சாப்பிட்டா வெயில் தோல ஒண்ணும் பண்ணாதாம். நெசமா?" என்று கேட்டிருந்தாள். கிரேப்ஃப்ரூட் சாறும் ரோஸ்மேரி இலைச் சாறும் சேர்த்த மாத்திரை. கிரேப்ஃப்ரூட் என்பது நம் பம்பளிமாஸும் சாத்துக்குடி வகை ஆரஞ்சும் கலந்து பிறந்த பழம்.

முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஸ்பெயினில் எல்ச்சே நகரத்து மிகுவேல் எர்னாண்டஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் இந்த இரண்டு சாற்றையும் சேர்த்துச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். ஒரு சிறு கூட்டத்துக்குத் தினம் 250 மில்லிகிராம் கொடுத்தார்கள். தோலில் புற ஊதாக் கதிரை அளந்து பாய்ச்சி, எந்த அளவில் முதன்முதலாகச் சிவக்கிறது என்று பார்த்தார்கள். எட்டு வாரத்தில் அந்த அளவு 34 சதவீதம் கூடியது, பன்னிரண்டு வாரத்தில் 56 சதவீதம். அந்தச் சாற்றைத் தயாரித்து விற்கும் நிறுவனத்தின் ஆட்களும் கட்டுரையின் ஆசிரியர்களில் உண்டு. அதனாலேயே எண்கள் பொய்யாகிவிடாது. ஆனால் படிக்கும்போது அது ஒரு மூலையில் நினைவிருக்க வேண்டும்.

56 சதவீதம் என்றால் கேட்கப் பெரிதாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், பத்து நிமிடத்தில் சிவக்கும் தோல் பதினாறாவது நிமிடத்தில் சிவக்கும். சன்ஸ்கிரீன் குழாயில் எஸ்.பி.எஃப். 30, 50 என்று போடுகிறார்களே, அந்த அளவையில் இதைச் சொன்னால் ஒன்றரைக்குச் சற்று மேல். அதுவும் மூன்று மாதம் விடாமல் விழுங்கிய பிறகு. ஃபிளாவனாய்டு கதிரைத் தடுத்து நிறுத்தும் திரை இல்லை. கதிர் உள்ளே நுழைந்து செல்லுக்குள் கிளப்பிவிடும் ஆக்சிஜன் தீங்குகளை ஓரளவு அடக்குகிறது, வீக்கத்தைத் தணிக்கிறது. அடி விழுந்த பிறகு தடவும் கை அது.

இதை நான் அவளுக்கு எழுதிக்கொண்டிருந்தபோது என் கண்முன் இருந்தது மாத்திரை டப்பா இல்லை, அப்புச்சியின் சட்டை. காலர் நைந்து, ஒரு பொத்தான் போய், வேர்வை உப்பு வெள்ளை வெள்ளையாகக் கோடு கட்டிய முழுக்கைச் சட்டை. அதைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டி அதன் நுனியைக் காது மறையத் தொங்கவிட்டுக்கொண்டுதான் அம்மாயி பருத்தி எடுக்கப் போகும். வீட்டுக்காரர் சட்டை வாசலில் காய்ந்தால் அது காட்டு வேலைக்கான சட்டை என்று அர்த்தம். இன்றைக்கும் மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோட்டுக்கோ, ஆட்டையாம்பட்டிப் பக்கமோ பஸ்ஸில் போனால், காடு முழுக்கக் கட்டம் போட்ட ஆண் சட்டைகள் குனிந்து நிமிர்வதைப் பார்க்கலாம். அத்தனையும் பெண்கள். எந்த டாக்டரும் எழுதிக்கொடுக்காத வைத்தியம் அது. நெருக்கமாக நெய்த துணி தடுக்கும் புற ஊதாக் கதிரின் பக்கத்தில் இந்த மாத்திரையை வைத்துப் பேசவே முடியாது.

அப்படி எடுத்த பருத்திதான் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் மூட்டை மூட்டையாக ஏலத்துக்கு அடுக்கப்படும். பி.டி., சுரபி, கொட்டு என்று ரகம் பிரித்து விலை போகும். ஏல நாளில் சங்கத்து முற்றம் முழுக்க ஆண்கள். சட்டையை அன்றைக்கு அவர்கள் போட்டிருப்பார்கள்.

எங்கள் நிறத்துக்கு இந்தக் கவலையெல்லாம் எதற்கு என்று ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி உண்மை. 1979இல் பிலடெல்பியாவில் தோலின் மேல்படலத்தைப் பிரித்துச் சோதித்தபோது, கருந்தோல் தானாகவே 13.4 எஸ்.பி.எஃப். அளவுக்குத் தடுப்பது தெரிந்தது. வெள்ளைத் தோல் 3.4தான். நம்மவர்கள் இரண்டுக்கும் நடுவே பலவிதமாக நிற்கிறோம். வெள்ளைக்காரர்கள் அஞ்சும் மெலனோமா புற்றுநோய் இங்கே அபூர்வம். வந்தாலும் பெரும்பாலும் வெயிலே படாத உள்ளங்காலில் வருகிறது. ஆனால் கன்னத்திலும் மூக்குத்தண்டிலும் படரும் மங்கு இருக்கிறதே, அதற்குக் கருநிறம் காவல் இல்லை. பிள்ளை பெற்ற பெண்களுக்கு வந்து, வெயிலில் கறுத்து, வருடக்கணக்கில் தங்கிவிடும். கண்ணின் வெள்ளையில் சதை வளர்வதும் வெயிலின் வேலைதான். சேகோ ஆலைக் களத்தில் மாவு கிளறும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். மேலே சித்திரை வெயில், கீழே கண் கூசும் வெள்ளை மாவு. துண்டைக் கண்ணுக்கு எவ்வளவு கிட்டே இழுத்துவிட முடியுமோ அவ்வளவு இழுத்து விட்டிருப்பார்கள். அந்த மாத்திரை ஆராய்ச்சிகளில் சேர்க்கப்பட்டவர்கள் எளிதில் சிவக்கும் வெளிர் தோல்காரர்கள். இந்தக் களத்துப் பெண்களில் ஒருத்தியையும் யாரும் கேட்டு அளக்கவில்லை.

மாத்திரை என்றதும் மாமா ஞாபகம். அம்மாவின் தம்பி. விசைத்தறி ஓட்டினார். ஷிஃப்ட் முழுக்க நான்கு தறிக்கு நடுவில் நின்றபடியே இருந்ததில், கெண்டைக்கால் நரம்பெல்லாம் புடைத்துச் சுருண்டு பச்சைக் கயிறு மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் எழுதிய மாத்திரையை என்னிடம் காட்டி, "என்னம்மா, கெமிஸ்ட்ரி டீச்சரு, இதுல என்ன இருக்குதுன்னு சொல்லு" என்றார். டாஃப்லான் 500. அதில் 450 மில்லிகிராம் டயோஸ்மின். மிச்சம் 50 மில்லிகிராமை ஹெஸ்பெரிடினாகக் கணக்கிட்டிருந்தார்கள். "மாமா, இது நார்த்தங்காய்த் தோலுச் சரக்கு" என்றேன். நம்பவில்லை. "அதுக்கா இந்த விலை?" என்றார்.

நான் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. அதற்கொரு பழைய கதை உண்டு. வைட்டமின் சி ஆராய்ச்சிக்காக 1937இல் நோபல் பரிசு வாங்கிய ஹங்கேரிக்காரர் ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜி ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். தோலுக்கடியில் நுண்குழாய்கள் கசிந்து ரத்தம் கட்டும் நோயாளிகளுக்குச் சுத்தமான வைட்டமின் சி பலிக்கவில்லை. சுத்தம் செய்யாத எலுமிச்சைச் சாறும் மிளகாய்ச் சாறும் பலித்தன. அப்படியானால் அழுக்கில் ஏதோ இருக்கிறது. 1936இல் அந்த ஏதோவுக்கு சிட்ரின் என்றும் வைட்டமின் பி என்றும் பெயர் வைத்தார் (இந்த 'பி' ஆங்கில எழுத்து வரிசையில் பதினாறாவது). அது இல்லாவிட்டால் நோய் வரும் என்று நிரூபிக்க முடியாததால் 1950இல் வைட்டமின் பட்டத்தைப் பிடுங்கிவிட்டார்கள். பட்டம் போனாலும் சரக்கு மூல வியாதிக்கும் நரம்புச் சுருட்டலுக்கும் மாத்திரையாக இன்றைக்கும் கடையில் இருக்கிறது. மாமாவுக்கு வீக்கம் கொஞ்சம் வாங்கியது. தறியை விட்ட பிறகுதான் முழுக்க வாங்கியது.

மாமா கல்யாணத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

வைகாசி முகூர்த்தம். மாப்பிள்ளை அழைப்புக்குப் பானகமும் எலுமிச்சை ஜூஸும் கரைக்க, சின்னம்மா விடிகாலையிலிருந்து கூடை கூடையாக எலுமிச்சம்பழம் பிழிந்தது. பந்தலுக்கு வெளியே, திறந்த வாசலில், முழங்கை வரை சாறு வழிய. பிழிந்த கையோடு வெயிலில் நின்று விறகு எடுத்துப் போட்டது, தண்ணீர் மொண்டது. அன்றைக்கு ஒன்றும் இல்லை. மறுநாள் எரிச்சல். அதற்கு மறுநாள் கையில் சாறு ஒழுகிய கோடு கோடாகவே கொப்புளம் எழும்பிவிட்டது. கோட்டின் வடிவம் யாருக்கும் உறைக்கவில்லை. கண் பட்டிருக்கும் என்றார்கள், பூச்சி நக்கியிருக்கும் என்றார்கள், கடைசியில் அக்கி என்று முடிவாகி, மண்பாண்டம் செய்பவர் ஒருவரிடம் கூட்டிப்போய்க் காவிக் குழம்பால் அக்கி எழுதிக்கொண்டு வந்தார்கள். கொப்புளம் வற்றியது. பழுப்புக் கறை மட்டும் புரட்டாசி வரை போகவில்லை. அக்கி எழுதியதால் ஆறியது என்றுதான் சின்னம்மா இன்றும் சொல்கிறது. நான் மறுத்துப் பேசுவதில்லை.

செய்தது எலுமிச்சை. அதே தோலில், ஃபிளாவனாய்டுக்குப் பக்கத்திலேயே, சொராலன் இனத்துப் பொருள்களும் இருக்கின்றன. தோல் மேல் பட்டால் உள்ளே இறங்கி, செல்லின் டி.என்.ஏ. படிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். வெயிலின் நீண்ட புற ஊதாக் கதிர் படும்வரை சும்மா இருக்கும். பட்டதும் டி.என்.ஏ.வோடு இறுகப் பிணைந்துவிடும். செல் செத்துக் கொப்புளமாகும், பிறகு கறுக்கும். பிழிந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வெயிலுக்குப் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

இந்தச் சொராலனைத் தெரிந்தே பயன்படுத்திய வைத்தியமும் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் குளியல் பொடிக்கு வாங்கும் சரக்கில் பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, காய்ந்த ஆரஞ்சுத் தோல் இவற்றோடு கார்போக அரிசி என்று ஒன்று இருக்குமே, அதில் இருப்பது சொராலன். வெண்புள்ளிக்கு அதை அரைத்துப் பூசி வெயில் காட்டுவது சித்த, ஆயுர்வேத வைத்தியர்களுக்குப் பழைய வழக்கம். 1940களில் கெய்ரோவில் அப்தெல் மோனெம் எல் மோஃப்தி நைல் கரையில் முளைக்கும் ஒரு செடியிலிருந்து எடுத்த இதே இனத்துப் பொருளை வெண்புள்ளிக்காரர்களுக்குக் கொடுத்து வெயிலில் நிறுத்தினார். 1974இல் பாஸ்டன் மருத்துவர்கள் வெயிலுக்குப் பதிலாக விளக்கை வைத்து, காளாஞ்சகப்படை நோய்க்கு அதை முறையான சிகிச்சையாக்கினார்கள். அளவோடு கொடுத்தால் மருந்து. கல்யாண வீட்டு வாசலில் யார் அளந்தார்கள்?

முகத்தில் எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வரும் பெண்பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். நிறம் வெளுக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். காலையில் தேய்த்து, சைக்கிளில் நான்கு மைல் வெயிலில் மிதித்து வந்தால் வெளுக்கவா செய்யும்? கறுத்த தோல் ஒரு குறை, அதை வெளுக்க வேண்டும் என்ற எண்ணத்தைப் பிள்ளைகள் தலைக்குள் ஏற்றிய விளம்பரங்களின்மேல் எனக்குள்ள கோபம் பாடத்தை விட நீளமானது. அதை இங்கே ஆரம்பித்தால் முடியாது.

சாப்பிட்டால் மட்டும் சொராலன் சாதுவாகிவிடுமா என்ற கேள்வியும் எழுந்திருக்கிறது. அமெரிக்காவில் 63,810 பெண் செவிலியர்களையும் 41,622 ஆண் மருத்துவத் துறையினரையும் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 2015இல் வந்தது. எலுமிச்சை வகைப் பழமோ சாறோ ஒரு நாளைக்கு ஒன்றரை முறைக்கு மேல் எடுத்தவர்களுக்கு, வாரத்தில் இரண்டு முறைக்கும் குறைவாக எடுத்தவர்களைவிட மெலனோமா 36 சதவீதம் அதிகம். கிரேப்ஃப்ரூட்டை முழுப் பழமாகத் தின்றவர்களிடம் தொடர்பு இன்னும் பலமாகத் தெரிந்தது. இதைப் படித்து யாரும் ரசத்தில் எலுமிச்சை பிழிவதை நிறுத்த வேண்டாம்; அவர்கள் தோல் வேறு, தின்ற அளவு வேறு, சேர்ந்து நிகழ்வது என்பது காரணமாகிவிடாது. ஆனால் வெயிலுக்குக் காப்பு என்று விற்கப்படும் மாத்திரையும் வெயிலில் ஆபத்து என்று சந்தேகிக்கப்படும் பழமும் ஒரே கிளையில் தொங்குவதை அண்ணன் மகளுக்குச் சொல்லாமல் விட மனமில்லை. சொன்னேன். "அப்ப சாப்பிடறதா வேண்டாமா?" என்று ஒற்றை வரியில் கேட்டாள். பெரிய கெடுதலும் இல்லை, பெரிய காப்பும் இல்லை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவளாக இருந்தால் கிரேப்ஃப்ரூட் பக்கமே போகாதே என்று எழுதினேன். அந்தப் பழம் குடலில் மருந்தை உடைக்கும் நொதியைக் கட்டிப்போட்டு, சில மாத்திரைகளின் வீரியத்தைக் கூட்டிவிடும். 1989லிருந்து தெரிந்த சங்கதி.

அம்மாயியின் சாடிக்குத் திரும்பி வருகிறேன். விடிகாலையில் கம்மங்கூழைக் கரைத்து, உப்பு நார்த்தையில் ஒரு சுருளைப் பிய்த்துக் கடித்துக்கொண்டு அது காட்டுக்குப் போகும். ஹெஸ்பெரிடின் சிறுகுடலில் அப்படியே உறிஞ்சப்படுவதில்லை. ஒட்டியிருக்கும் சர்க்கரையைப் பெருங்குடலின் நுண்ணுயிர்கள் கழற்றிவிட்ட பிறகுதான் ரத்தத்துக்கு வருகிறது. உச்சத்தை எட்ட ஐந்திலிருந்து ஏழு மணி நேரம். ஆறு மணிக்குக் கடித்த தோல், பொழுது உச்சிக்கு ஏறும் நேரத்தில் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கும். அம்மாயி இதைத் திட்டமிட்டது என்று சொன்னால் அது கட்டுக்கதை. கூழுக்குத் தொட்டுக்கொள்ள வேறு எதுவும் இல்லை, அவ்வளவுதான். வேர்வையில் போகும் உப்புக்கு அந்த உப்பு ஈடாகவும் இருந்திருக்கும். ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு அதே அளவு ஊறுகாய் தின்றால் ரத்தக் கொதிப்புதான் மிஞ்சும். எனக்கு டாக்டர் ஊறுகாயை நிறுத்தச் சொல்லிப் பல காலமாகிறது. வாரத்துக்கு ஒரு சின்னத் துண்டு என்று நானாகக் குறைத்து வைத்திருக்கிறேன்.

எழுபது வயது தாண்டியும் அம்மாயியின் முதுகும் மேற்கையும் சுருக்கமில்லாமல் வழவழவென்று இருந்தன. முகமும் புறங்கையும் மட்டும் வறண்ட வயல் போல வெடித்திருந்தன. குளிக்கும்போது முதுகு தேய்த்துவிட்ட எனக்கு அந்த எல்லைக்கோடு எங்கே ஓடியது என்று இன்னும் தெரியும்: மணிக்கட்டில், சட்டைக் கை முடிந்த இடத்தில். நார்த்தைத் தோல் இரண்டு பக்கத்துக்கும் சமமாகத்தான் போயிருக்கும்.

மரம் இப்போது இல்லை. கிணறு வற்றி, திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து ஆயிரம் அடிக்குக் கீழே துளைத்த வருடத்தில் பட்டுப்போனது. வண்டி வந்து நின்றதும் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்து நசுக்கினார்கள். தண்ணீர் ஒன்றரை இஞ்சு வந்தது, இரண்டு கோடையில் அதுவும் நின்றது. ஏற்காட்டு மலையிலும் ஒரு காலத்தில் ஆரஞ்சுத் தோட்டங்கள் இருந்தன. பசுமைக் குலைவு நோயும் டிரிஸ்டெசா வைரஸும் சேர்ந்து ஒவ்வொன்றாக முடித்துவிட்டன. எங்கள் நார்த்தைக்கு நோய் எதுவும் வரவில்லை. தாகம்தான்.

நாற்றுப் பண்ணையில் போய் நார்த்தங்கன்று கேட்டேன். "நார்த்தையா? அத இப்ப யாரு டீச்சர் வெக்கறாங்க? ஒட்டு எலுமிச்சை இருக்குது, சீக்கிரமே காய்ப்புக்கு வந்துரும், வாங்கிட்டுப் போங்க" என்றார் பண்ணைக்காரர். இரண்டு வாங்கி வந்து வீட்டுக்குப் பின்னால் நட்டேன். ஒன்று செழிப்பாக இருக்கிறது. இன்னொன்றின் இலையில் சொறி விழுந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தாமிர மருந்து அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.